அமாவாசைக்கு முட்டை கிடையாது

செஞ்சியில் பாஸ்ட் ஃபுட் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலமானால் பேருந்து நிலையத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அடுப்பு சீறிக்கொண்டிருக்கும். இதெல்லாம் ஒரு சாப்பாடா, உடம்புக்கு ஆகாது என்று பேசுகிறவர்களும் ஊரில் உண்டு. பேசிவிட்டுப் போகிற வழியில் அவர்களே அரை பிளேட் வாங்கித் தின்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

இத்தனை வண்டிகளில் ஒரு பொம்பளை கரண்டி பிடித்து நிற்கிற வண்டி ஒன்றே ஒன்றுதான். அது என் செல்போன் கடை வாசலில் நிற்கிறது. அதனால் சாமுண்டீஸ்வரியைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைவிட ராஜாராம் ஆகிய நான் சொல்வதை நம்பலாம். மற்றவர்கள் சொன்னது எப்படிப் பொய்யாய்ப் போனது என்பதுதான் இந்தக் கதையே.

வண்டியின் நெற்றியில் ஒரு தகரப் பலகை இருக்கிறது. ‘கன்னியப்பன் பாஸ்ட் ஃபுட்’ என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியது. வெயிலில் வெளுத்து, இப்போது எழுத்து இருக்கிற இடம் தெரிந்தவர்களுக்குத்தான் எழுத்து தெரியும். கன்னியப்பன் அவள் புருஷன். அவர்தான் மாஸ்டர். இவள் பக்கத்தில் நின்று முட்டைக்கோஸ் நறுக்குவாள், பார்சல் கட்டுவாள். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு பேருக்கும் அந்த வண்டிதான் வீடு வாசல் எல்லாம்.

கன்னியப்பனுக்குக் குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மன். அமாவாசையன்று கையால் முட்டை உடைக்க மாட்டார். அமாவாசைக்குத்தான் ஊர் ஊராக ஸ்பெஷல் பஸ் விட்டு, செஞ்சி வழியாகக் கூட்டம் மலையனூருக்குப் போகும். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிற நாள். அன்றைக்குப் போய் முட்டை இல்லை என்றால்? “கோபி ரைஸ் இருக்குது, காளான் இருக்குது, இஷ்டம்னா சாப்புடு” என்பார். வந்தவன் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டுப் போவான். கை அப்படி.

அந்தக் கையைப் பார்த்துத்தான் ஓர் ஏஜென்ட் மலேசியாவுக்குக் கூப்பிட்டான். ஹோட்டலில் மாஸ்டர் வேலை, தங்க இடம், வருஷத்துக்கு ஒருமுறை லீவு என்று அடுக்கினான். போய் இறங்கிய பிறகுதான் சுற்றுலா விசாவில் அனுப்பியிருக்கிறான் என்று தெரிந்தது. பாஸ்போர்ட்டும் அவன் ஆட்களிடம் மாட்டிக்கொண்டது. கன்னியப்பன் அங்கே ஒரு கடை, இங்கே ஒரு கடை என்று மறைந்து மறைந்து வேலை செய்தார். ஆனாலும் வாரம் தவறாமல் போன் வந்துவிடும். இங்கே சாமுண்டீஸ்வரி கரண்டியைக் கையில் எடுத்தாள். முதல் மாதம் அவள் போட்ட ஃப்ரைடு ரைஸைத் தின்ற பாவி நான். கஞ்சி மாதிரி குழைந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு தின்றேன். போகப் போக அவர் கை அப்படியே இவளுக்கு வந்துவிட்டது.

பிறகு ஒரு மாசி அமாவாசைக் கூட்டத்தில் எவனோ அவள் போனை அடித்துவிட்டான். போன் போனால் போகட்டும். சிம் போனதுதான் வினை. அது கன்னியப்பன் ஆதாரில் வாங்கிய சிம். அவர் நேரில் வந்து விரல் வைத்தால்தான் அதே நம்பர் கிடைக்கும். இவளோ அந்த மனுஷன் கடல் தாண்டி இருக்கிறார் என்று விழுப்புரத்தில் சிம் கம்பெனி ஆபீஸ் வரைக்கும் போய் அழுது பார்த்தாள். ரூல்ஸ் என்றார்கள். அவருடைய மலேசியா நம்பரும் அந்தத் திருடுபோன போனுக்குள்தான் இருந்தது. இவள் புது நம்பர் வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். எங்கிருந்து வரும் போன்?

மாதங்கள் போய் வருஷமும் திரும்பியது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். ஏஜென்ட்டைத் தேடிப் போனால் கடையில் வேறு எவனோ பூச்செடி விற்றுக்கொண்டிருந்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா? செத்துப்போயிருப்பான் என்றது ஒரு வாய். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டிருப்பான், இவளுக்குத்தான் பிள்ளை இல்லையே என்றது இன்னொரு வாய். இந்த இரண்டாவது வாயை எனக்கு ஓங்கி அறையத் தோன்றும்.

அவளுடைய அண்ணன் நெடுமாறன் மாதம் ஒருமுறை வந்து உட்காருவார். “போதும்மா. வண்டிய வித்துட்டு வூட்டுக்கு வந்துடு. இல்லன்னா போர்டையாவது மாத்தி உன் பேரை எழுது. ஊரு சிரிக்குது.”

“சிரிச்சா சிரிக்கட்டும்ணா. பேரு அவரோடது.”

தைரியமாகத்தான் சொல்வாள். அண்ணன் போன பிறகு வெங்காயம் நறுக்க உட்காருவாள். தேவைக்கு மேலேயே நறுக்குவாள். அவர் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் இன்னும் தன் புருஷன்தானா என்ற இரண்டு கேள்விதான் அவளுக்கு. பதில் சொல்ல ஆளில்லை.

போன ஆடி அமாவாசையன்று சாயங்காலம், பையும் கையுமாக ஒரு பையன் வண்டி முன்னால் வந்து நின்றான். பனமலைக்காரன், பேர் இளவரசன். மலேசியாவில் கிள்ளானில் ஒரு ஃபாக்டரியில் வேலை, லீவில் வந்திருக்கிறான், ஊருக்குப் பஸ் பிடிக்கும் முன்பு பசி. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவன் கேட்டது இதுதான்:

“அக்கா, டபுள் எக் ரைஸ் ஒண்ணு.”

“இன்னிக்கு அமாவாசைப்பா. முட்டை கெடையாது.”

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். “இன்னாக்கா இது, அங்கதான் அந்த மாஸ்டரு உசுர வாங்குறாருன்னு பார்த்தா இங்க நீங்களும் அதே சொல்றீங்க!”

சாமுண்டீஸ்வரி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அது அசையவும் இல்லை. “எந்த மாஸ்டரு?”

பையன் வாய் ஓயாத ரகம். மலேசியாவில் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லையாம். ஆனால் ஃப்ரைடு ரைஸ் கேட்டால் நாசி கோரிங் என்று ஒன்று கொடுப்பார்களாம், இனிக்குமாம். நம்ம ஊர் ருசிக்கு நாக்கு செத்துப்போய்க் கிடந்தபோது, கிள்ளானில் ஒரு சந்துக் கடையில் மிளகுத்தூள் நெடி மூக்கில் ஏறியதாம். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

“சத்தியமாக்கா, அழுதுட்டேன். அப்பறம் பசங்க எல்லாருக்கும் சொன்னேன். ஞாயித்துக்கெழம அங்க போனா நம்ம விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு தோத்துப்போவும். திண்டிவனத்துக்காரன் இது எங்க ஊரு டேஸ்ட்டுன்றான், திருவண்ணாமலைக்காரன் எங்க ஊருதுன்றான். ஒரே சண்ட. அவரைக் கேட்டா எந்த ஊருன்னே சொல்ல மாட்டாரு. பேப்பர் இல்லாத ஆளு, பயம். அமாவாசைன்னா மட்டும் முட்டைய தொட மாட்டாரு. மொதலாளி தலையில அடிச்சிக்குவாரு.”

நான் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். சாமுண்டீஸ்வரி ஒரு கோபி ரைஸ் போட்டு அவன் கையில் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“அக்கா... இது அவரு கை.”

என் போனில் இருந்த கன்னியப்பன் போட்டோவைக் காட்டினேன். பையன் தயங்கினான். “தெரியலண்ணே. அவருக்கு தாடி, முடியெல்லாம் நரச்சிப்போச்சு. ஆளு ஒல்லி.” எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. “அவருதான்” என்றாள். மலேசியாவில் முட்டை ரைஸ் கடையில் நின்றுகொண்டு முட்டை கிடையாது என்று சொல்ல வேறு எவனுக்கு வரும்?

ஆனால் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் இன்னும் இருண்டது. உயிரோடு இருக்கிறார் என்றால் ஏன் பேசவில்லை? அப்படியானால் ஊர் சொன்ன இரண்டாவது சேதிதானே உண்மை? இளவரசனிடம் தன் நம்பரைக் கொடுத்தாள். “எதுவும் சொல்லாத தம்பி. சொன்னா ஓடிட்டாலும் ஓடிடுவாரு. போன போட்டு மூஞ்சிக்கு நேரா புடி. அது போதும்.”

அவன் லீவு முடிந்து போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோட்டை பார்த்துவிட்டு இறங்கிய கூட்டம் வண்டியை மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வீடியோ கால் வந்தது. கையெல்லாம் எண்ணெய் என்று என்னைப் பிடிக்கச் சொன்னாள். முதலில் ஓர் அடுப்பு தெரிந்தது. பிறகு ஒரு தாடி.

“மாஸ்டர், உங்களுக்குத்தான் போனு” என்றது இளவரசன் குரல்.

தாடி நிமிர்ந்து பார்த்தது. பேயறைந்த முகம் என்பார்களே, அதை அன்றுதான் பார்த்தேன்.

“யோவ்” என்றாள் அவள். “உசுரோடதான் இருக்கியா?”

கன்னியப்பன் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார். “நல்லா இருக்கியா ஈஸ்வரி?” என்றார். அப்புறம், “அவுரும் நல்லா இருக்காரா?”

“எவுரு?”

“ஒன் போன எடுத்தாரே, அவுரு. மாசக்கணக்கா போட்டேன், சுவிட்ச் ஆஃப்புன்னே வந்துச்சு. அப்பறம் ஒரு நாளு ஆம்பள கொரலு. ஈஸ்வரி இல்லையான்னு கேட்டேன். இன்னொருவாட்டி போட்டா நடக்குறதே வேறன்னாரு. அதான்... நீயாவது நல்லா இருந்தா சரின்னு வுட்டுட்டேன்.”

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. தினமும் நான் பார்க்கிற கூத்து. “யோவ் கன்னியப்பா, நான் ராஜாராம். அந்த சிம்மு திருடு போயிடுச்சுய்யா! ரீசார்ஜ் பண்ணாம கெடந்தா அந்த நம்பர வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அவன் எந்த ஊர்க்காரனோ என்னமோ!”

இங்கே ஊர் அவருக்கு ஒருத்தியைக் கட்டி வைத்திருந்தது. அங்கே அவர் இவளுக்கு ஒருவனைக் கட்டி வைத்திருந்தார். சாமுண்டீஸ்வரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“ஒரு கடுதாசி போடக் கை வரலயா ஒனக்கு? வண்டி எங்க நிக்குதுன்னு தெரியாதா? நான் இங்க ஊரு பேச்செல்லாம் வாங்கிக்கினு நிக்கிறேன்!”

“எந்த மூஞ்சிய வச்சிக்கினு போடறது?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து இளவரசன் நுழைந்தான். “தூதரகத்துல சொன்னா ஊருக்குப் போவ வேற பேப்பர் தருவாங்கக்கா. நாளைக்கே இட்டுக்கினு போறேன். மொதலாளியும் சரின்னுட்டாரு.”

கன்னியப்பன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. “வண்டிய யாருக்குக் குடுத்த ஈஸ்வரி?” என்றார். அவள் என் கையிலிருந்த போனை எண்ணெய்க் கையோடு பிடுங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பலகைக்கு நேராகக் காட்டினாள். வெளிச்சம் பத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கஸ்டமர் தன் போன் லைட்டை அடித்தார். வெளுத்த சிவப்பில் அந்தப் பெயர் தெரிந்தது.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அடங்க நேரமாயிற்று. அப்புறம் கன்னியப்பன் சொன்னார்: “எழுத்தெல்லாம் வெளுத்துப் போச்சே. புதுசா எழுதக் கூடாதா?”

சாமுண்டீஸ்வரி போனை இறக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நீ வந்து எழுது.”