கால் மணிக்கு ஒரு டிக்

என் அக்காவோடு சேர்ந்து வேலை செய்கிற தண்டனை என் விரோதிக்குக்கூட வரக் கூடாது. எட்டு வருடமாக நான் அதை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா தன் வீட்டின் முன்னறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். இதற்கென்று பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. எதிர்வீட்டு நர்ஸ், "ஒரு மணி நேரம் பாத்துக்கோங்க" என்று தன் பையனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு மணி நேரம் நாலு வருடம் ஓடியது. அவன் பின்னாலேயே அவன் தங்கை வந்தாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு வந்தது. உரிமம் வாங்க வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது, ஆறு குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்றார்கள். தையல் தொழிற்சாலையில் வேலை போய் நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டாவது பெரியவள் நான்தான்.

குழந்தைகள் விஷயத்தில் அக்காவிடம் ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு எரிச்சலே அதுதான். எந்த அதிகாரியும் சொல்வதற்கு முன்பே, நாற்பது வயதில், வீடு முழுக்கத் தவழ்ந்து பார்த்தாள். "அவங்க உயரத்துல இருந்து பாத்தாத்தான்டீ தெரியும்" என்றாள். மேஜைக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி ஒன்று அகப்பட்டது. பத்து வருடமாக அதே மேஜையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சமையலறைக்கு அரைக்கதவு, பிளக் ஓட்டைகளுக்கு மூடி, மருந்துக்கும் சோப்புத் தூளுக்கும் பூட்டு, எல்லாம் அவள் செய்ததுதான். கை கழுவாமல் குழந்தையைத் தொடப் போன ஒரு அப்பாவை, மனிதர் டை கட்டியிருக்கிறார் என்றும் பார்க்காமல், குழாயடிக்கு விரட்டியவள் அவள்.

ஆனால் பேனாவை மட்டும் தொட மாட்டாள். அங்கேதான் என் உயிரை வாங்கினாள்.

குழந்தைகள் தூங்கும்போது கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கிட்டப் போய்ப் பார்த்து, மல்லாந்து படுத்திருக்கிறதா, முகம் மூடாமல் இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று தாளில் டிக் போட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் பேனா மூடியைக் குழந்தை விழுங்கிவிடும் என்பதால் பேனா குழந்தைகளுக்கு எட்டக் கூடாது என்று இன்னொரு விதி. அதனால் பேனா ஃபிரிட்ஜ் மேலே, தாள் முன்னறைச் சுவரில். இதற்கு நடுவில் அரைக்கதவு. கால் மணிக்கு ஒருமுறை யார் திறந்து மூடுவது?

"நான் பிள்ளைங்களைப் பாக்கறதா, பேனாவைத் தேடறதா?" என்பாள் அக்கா. குட்டி ஸ்டூலைப் போட்டுப் படுக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். தாள் வெள்ளை வெளேரென்று தொங்கும்.

போன தடவை வந்த ஆய்வாளர் அம்மா தெளிவாகவே சொல்லிவிட்டார்: மறுபடியும் தாள் காலியாக இருந்தால் உரிமம் புதுப்பிக்கப்படாது. மாதக் கடைசியோடு கதவைச் சாத்த வேண்டியதுதான். அக்கா தலையை ஆட்டினாள். மறுநாளும் எழுதவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். காலையில் பத்து மணிக்கு, கை சும்மா இருக்கும்போது, ஒன்றிலிருந்து மூன்று மணி வரைக்கும் ஆறு பேருக்கும் டிக் போட்டு வைத்துவிடுவேன். அக்கா அந்தத் தாளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இரண்டு வாரம் அமோகமாகப் போனது.

மூன்றாவது வாரம் ஒரு நாள், மதியம் ஒன்றே காலுக்கு அழைப்பு மணி அடித்தது. ஆய்வாளர் அம்மா. குழந்தைகள் அப்போதுதான் கண் அசந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி, கை கழுவி, ஓசைப்படாமல் வந்து தாளின் முன்னால் நின்றார்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு படுக்கைகளை எண்ணினார்.

"அஞ்சு பேர்தான் இருக்காங்க?"

"குண்டுப் பையனுக்கு ஜுரம், மேடம். பன்னெண்டு மணிக்கே அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள் அக்கா.

"அப்போ ரெண்டே முக்காலுக்கு இங்க மல்லாந்து படுத்து நல்லா மூச்சு விடறது யாருங்க?"

அக்காவுக்குப் புரியவில்லை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக எழுந்து போய் அந்தத் தாளைப் படித்தாள். படித்துவிட்டு அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"என் பேர்ல இருக்கிற உரிமம். நான்தான் பொறுப்பு" என்றாள் அக்கா.

ஆய்வாளர் தாளைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "காலியா இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றார். இப்போதைக்குப் புதுப்பிக்க முடியாது. ஒரு மாதம் தற்காலிகமாக நடத்தலாம். சொல்லாமல் வருவார், மறுபடியும் பொய் எழுதியிருந்தால் அன்றே மூட வேண்டும். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். புதுத் தாளை மாட்டினாள், பேனாவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"ஒன்னே முக்கால் ஆகப்போகுது. எழுது."

"என்னக்கா எழுத?"

"பாத்துட்டு எழுது" என்று சமையலறைக்குள் போனாள்.

நான்கு பேரைப் பார்த்தேன். சரியாக இருந்தார்கள். ஐந்தாவது, நாங்கள் வாயாடி என்று கூப்பிடுகிற பெண், ஒன்றரை வயது. தன் அம்மாவின் பழைய சால்வையைக் கையில் பிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தச் சால்வை அவள் முகத்தின் மேல் கிடந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் துணி மெல்ல உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

பிடுங்கி எடுத்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

திரும்பினேன். அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள், கை தாழ்ப்பாள் மேல்.

"தெனமும் இந்நேரத்துக்கு இழுத்து மூடிக்குவா. தெனமும் எடுப்பேன்" என்றாள். "இப்போ எழுது."

எழுதினேன். அன்று காலை பத்து மணிக்கே, வாயாடி முகம் மூடாமல் நன்றாக மூச்சு விடுகிறாள் என்று டிக் போட்டவளும் நான்தான்.