தண்ணீர் இறங்கிய மண்சுவர்

தொண்ணூறுகளின் நடுவில் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் அகழாய்வு நடந்தது. நான் ஆராய்ச்சி மாணவன். கிடைத்த பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, எண் எழுதுவது என் வேலை. உடைந்த கிண்ணங்களும், நூல் நூற்ற தக்களி வில்லைகளும், தேய்ந்து குழி விழுந்த அம்மியும்தான் வந்தன. ராஜா ஒருவரும் அகப்படவில்லையே என்று எனக்கு மனக்குறை வேறு.

ஒரு நாள் காலை ஓடு கழுவத் தண்ணீருக்காகக் கிணற்று மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. பிடித்த இரண்டு குடம் போதும் என்று வந்துவிட்டேன். தோட்டத்து மோட்டார்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பார்கள், கரண்ட் வந்ததும் தானாக ஓடும். எனக்குத் தெரியாததல்ல. அணைக்க மறந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வாய்க்கால் நிரம்பி வழிந்து தண்ணீர் அகழாய்வுக் குழியின் விளிம்புக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் ஆழமான குழிக்குள் வேலைக்கு வந்த அக்கா ஒருவர், முழுசாகத் தெரிந்த ஒரு கிண்ணத்தைச் சுற்றி மண் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மண்சுவரில் ஈரம் கருப்பாக இறங்கியிருந்தது. நடுவே விரிசல்.

"அக்கா, மேல வந்துருங்க."

"இருங்க சார், இதெ எடுத்துபோட்டு வாரேனுங்க. உட்டா ஒடைஞ்சு போயிருமுங்க."

முந்தின நாள் ஓர் ஓடு உடைந்ததற்கு அவரைக் கண்டபடி திட்டியவன் நான். அதனால்தான் அவர் ஏறவில்லை. ஏணியில் பாதி இறங்கி, அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மேலே வந்து நிற்பதற்குள் சுவர் சரிந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இடுப்பளவு மண்.

"கிண்ணம் போயிருச்சுங்க சார், வெய்யாதீங்க" என்றார்.

தோப்புக்காரர் ஓடிவந்து மோட்டாரை அணைத்தார். "நேத்து நாந்தானுங்க நிறுத்தாம உட்டுபோட்டனாட்ட இருக்குது. மன்னிச்சுக்க அம்மணி" என்று அந்த அக்காவிடம் கும்பிட்டார். மோட்டாரைப் போட்டது நான்தான் என்று சொன்னால், அகழாய்வை நடத்திய பேராசிரியர் என்னை அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் முகாம் முடியும்வரை தோப்புக்காரர் என்னை நோக்கி நடந்துவந்தாலே உண்மை தெரிந்துவிட்டதோ என்று நினைப்பேன். அவர் இளநீர் வெட்டிக் கொடுக்கத்தான் வருவார்.

குழியின் நாட்குறிப்பு எழுதுவதும் என் பொறுப்புதான். 'தோட்ட உரிமையாளர் மோட்டாரை நிறுத்த மறந்ததால் சுவர் சரிந்தது' என்று தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.