முழங்கால் பயிற்சியின் நிரந்தர இணைப்பு

என் தங்கை பிசியோதெரபிஸ்ட். பொறுமையை ஊரெல்லாம் நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, கிளினிக்கில் கூட வேலை செய்பவர்களிடம் எரிந்து விழுவாள். முக்கால்வாசி நாள் சண்டை இணைப்பைப் பற்றித்தான்.

கிளினிக்கின் வலைத்தளத்தில் வாரம் ஒரு பயிற்சியைப் படத்தோடு எழுதிப் போடுவாள். புதியது முகப்பில் வந்து உட்காரும், பழையது கீழே போய்விடும். அதனால் நோயாளிக்கு முகப்பின் முகவரியை அனுப்பக் கூடாது. தலைப்பைத் தொட்டு உள்ளே போய், அந்தப் பதிவுக்கென்றே உள்ள முகவரியை எடுக்க வேண்டும். நிரந்தர இணைப்பு என்பது அதுதான். மேலே எத்தனை வந்து குவிந்தாலும் அதே பக்கம்தான் திறக்கும். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் இதைச் சொல்லிச் சொல்லி இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"முகப்புல இன்னைக்கு ஒண்ணு இருக்கும், நாளைக்கு வேற இருக்கும். இதுகூடவா மண்டையில ஏறலை?" என்பாள்.

ஒரு நாள் கழுத்து வலிக்காக நானும் அங்கே படுத்திருந்தேன். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பஸ் டிரைவர் ஒருவர் விந்தி விந்தி வந்தார். கால் மடங்கினால்தான் அவருக்குத் திரும்ப பஸ் கொடுப்பார்கள். தங்கை மடக்கிப் பார்த்தாள். அசையவே இல்லை.

"என்னங்க இது, கட்டை மாதிரி இருக்கு! பயிற்சியே செய்யலையா?"

"ஒரு நாள் விடலைம்மா. மொத வாரம் முழங்கால். அப்புறம் தோள், அப்புறம் கழுத்து. இப்ப விரல்."

"முழங்காலுக்கு எதுக்குங்க கழுத்து?"

"எனக்கும் தோணுச்சு. நீங்க அனுப்பினா காரணமாத்தான் இருக்கும்னு செஞ்சேன்."

"பஸ் ஓட்டிக் காட்டுற சோதனை எப்போ?"

"நேத்தே முடிஞ்சுதும்மா. பிரேக்கை மிதிக்க வரலை. இனிமே பஸ் கிடையாதுன்னுட்டாங்க."

தங்கை வரவேற்பு மேசைக்குப் பாய்ந்தாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு மனுஷன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

அந்தப் பெண் அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. "அவர் போனைப் பாருங்க மேடம்" என்றாள்.

பார்த்தாள். முகப்பின் முகவரிதான். அனுப்பியது தங்கையின் சொந்த எண்ணிலிருந்து. அட, கடவுளே! எனக்கே அவள் கன்னத்தில் ஒன்று போடலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபமும் போய்விட்டது.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நாளையிலேருந்து எதைம்மா செய்யணும்?" என்று கேட்டார்.