ஏலம் விட்ட வகுப்பு

அடுத்தவர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து குறை எழுதுவது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. அதை மறைப்பானேன்? எங்கள் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலை மேம்படுத்த ஒரு குழு அமைத்தபோது, முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் என்று என்னைத் தலைவனாக்கினார்கள். இளம் ஆசிரியர்களுக்குக் கைகொடுப்பது குழுவின் நோக்கம். நானோ வாத்தியார்களுக்கு வாத்தியார் ஆகிவிட்ட மிதப்பில் இருந்தேன்.

பொருளியல் துறையில் ஒரு பெண் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். ஊர் தேங்காய்ப்பட்டணம். வருஷா வருஷம் பணி நீட்டிப்பு வந்தால்தான் அவருக்கு வேலை. நான் எழுதும் குறிப்பும் அதற்கான கோப்பில்தான் போய்ச் சேரும்.

நான் போன அன்று, சந்தையில் விலை எப்படி அமைகிறது என்பது பாடம். அவர் ஒரு காலிக் கூடையை மேசைமேல் வைத்து, துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்போலக் குரலை உயர்த்தினார்.

“மக்கா, ஒரு கூடை சாளை. முந்நூறு. மேல யாரு கேக்கிய?”

நானூறு, நானூற்றைம்பது என்று ஏறியது. நடுவில், “இன்னும் நாலு வள்ளம் கரைக்கு வருது. இப்ப சொல்லுங்க” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பையன் இருநூறு என்றான். அது நியாயமா என்று பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அவர் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ‘வட்டாரப் பேச்சையும் கூச்சலையும் தவிர்க்க வேண்டும். திரையில் வரைபடங்களைக் காட்டி விளக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதே மாவட்டத்தில் பூதப்பாண்டியில் பிறந்த நான் வீட்டில் என்ன செந்தமிழா பேசுகிறேன்? அந்த விரிவுரையாளர் என் குறிப்பைப் படித்துப் பார்த்துவிட்டு, “செரி சார், திருத்திக்கிடுதேன்” என்றார்.

மறுவருஷம் போனேன். திருத்தியிருந்தார். திரையில் கோடுகள் ஏறின, இறங்கின. அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். ஒரு கேள்வி இல்லை. மேசைக்கடியில் இரண்டு பேர் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்கள். அந்த ஈ நான்தான் என்று அப்போது உறைத்தது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின், “இன்னைக்குப் பாடம் எப்பிடிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

அவர் குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். “அத நீங்கதானே சார் சொல்லணும்?”

முந்தின வருஷமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஏன் ஏலம் விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். எனக்குத் தோன்றவே இல்லை.

“போன வருஷம் நான் எழுதினது தப்பு. நீங்க பழையபடியே நடத்துங்க” என்றேன்.

மேசைமேல் இருந்த என் குறிப்புத் தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு மரியாதை குறையாமல் கேட்டார். “அத இந்தப் பேப்பர்ல எழுதித் தருவியளா சார்?”

பேனாவைத் திறந்தேன். எழுதினால் போன வருஷத்துத் தாளையும் இதையும் துறைத்தலைவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், எனக்குத்தான் தலைகுனிவு என்று தோன்றியது. ‘பாராட்டத்தக்க முன்னேற்றம்’ என்று எழுதினேன்.

அவர் வாங்கிப் படித்துவிட்டு, எனக்கு நன்றி சொன்னார்.