ஊதா வெளிச்சமும் என் செண்டுச் செடியும்

கமாலுதீன் பாய் காலமான செய்தி எனக்கு அலுவலகத்தில் வந்தது. காலைத் தேநீர் மேசைக்கு வந்த நேரம். அவருடைய மகள் ஷபானா தொலைபேசியில் அழைத்து, "அங்கிள், அத்தா மவுத்தாயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட போகல" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். துக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு வருடமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவனுக்கு, இனி நாளை கிடையாது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

எங்கள் பகுதியில் அவரை அறியாதவர்கள் இல்லை. ஆனால் இந்த நினைவு மலரைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கமாலுதீன் அவர்கள் திண்டுக்கல்லில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் முப்பது வருடம் சாயப் பிரிவில் இருந்தவர். தோலுக்கு ஏற்றும் நிறம் மாதிரித் துண்டின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. "பழுப்புன்னா ஒண்ணு இல்ல அந்தோணி, ஒரு நூறு இருக்கு" என்பார். ஆலை மூடியபின் வீட்டு முன்னறையிலேயே பெல்ட்டும் பையும் தைத்து விற்றார். நான் அடுத்த தெருவில் குடியிருக்கும் அரசு அலுவலக எழுத்தன். ஒரு பெல்ட்டுக்குக் கூடுதலாக ஓட்டை போடப் போனவன், தினமும் போய் உட்காருகிறவன் ஆனேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அவருடைய மனைவி ஜுலைகா அக்கா அகரத்தில் தோட்டமும் கிணறுமாக வளர்ந்தவர். கல்யாணமாகி நெருக்கமான தெருவுக்கு வந்த பிறகும் மொட்டை மாடி நிறையத் தொட்டி வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஒரு நோய் வந்தது. வெயில் பட்டால் முகமும் கையும் சிவந்து தடித்துவிடும், மூட்டெல்லாம் வலிக்கும். வெயிலில் நிற்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாடித் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அதைப் பற்றி அக்கா புலம்பியதே இல்லை என்றும், அதுதான் தனக்குத் தாங்கவில்லை என்றும் பாய் என்னிடம் சொன்னார்.

"அவ வெயிலுக்குப் போக முடியாது, சரி. வெயில உள்ள கொண்டாந்தா என்னா?" என்று ஒருநாள் கேட்டார். கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். யாரோ ஒருவர் அறைக்குள் எல்இடி விளக்கு போட்டுக் கீரை வளர்த்துக்கொண்டிருந்தார். செடிக்கு முக்கியமாக வேண்டியது சிவப்பும் நீலமும் என்றார்கள். நிறம் என்றதும் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. மருத்துவரிடம் போய் அந்த விளக்கு அக்காவுக்கு ஆகுமா என்று கேட்டு, தொந்தரவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

முன்பு தோல் அடுக்கி வைத்திருந்த உள்ளறை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. சன்னல் கிடையாது. தெருவைப் பார்த்து ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும் உண்டு. அங்கேதான் எங்கள் தொழிற்சாலை நடந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கடுகு டப்பா மூடி அளவுகூட இல்லாத எல்இடி முத்துகளை வாங்கினோம். முதல் பத்து முத்துகளை அட்டையில் ஒட்டி மின்சாரம் கொடுத்தோம். செத்த நேரத்தில் சூடேறிப் பத்தும் கருகின. முத்து சின்னதாக இருந்தாலும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ள முதுகில் உலோகம் வேண்டும் என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. பிறகு சன்னல் சட்டம் செய்கிற கடையில் மிச்சமான அலுமினியச் சட்டங்களை வாங்கி, சூடு கடத்தும் பசையைத் தடவி, நான்கு சிவப்புக்கு ஒரு நீலம் என்று வரிசையாகப் பதித்தோம். ஈயம் பற்ற வைத்து ஒயர் இணைத்தது நான். எந்த இடத்தில் எந்த நிறம் என்று தீர்மானித்தது அவர். அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கொடுக்காமல் சுவிட்சைத் தொடவே விடமாட்டார். "வீட்ல பொம்பளப் பிள்ளைக தண்ணி ஊத்துற எடம், வெளையாட்டு இல்ல" என்பார்.

விளக்கு எரிந்ததும் அறை முழுக்க ஊதாவாகிவிட்டது. எங்கள் இருவர் முகமும் நாடகத்து எமன் முகம்போல் இருந்தது. எனக்கு அது மங்கலாகத் தெரிந்தது. வெள்ளை போட்டிருக்கலாம் பாய் என்றேன். "நம்ம கண்ணுக்கு நல்லாருக்கணும்னா டியூப் லைட்டே போதுமே. இது செடிக்கு அந்தோணி" என்றார். புறங்கையைச் செடியின் உயரத்தில் நீட்டி வைத்துக் கொஞ்ச நேரம் பொறுப்பார். கை சுட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி மேலே ஏற்றுவார். விளக்கை ஏற்ற இறக்க அதுதான் எங்கள் கருவி.

புதினா வந்தது, மல்லித்தழை வந்தது, தக்காளி நாற்று கம்பிபோல் நிமிர்ந்து நின்றது. ஜுலைகா அக்கா காலையும் மாலையும் ஒரு முக்காலியைப் போட்டு அங்கே உட்கார்ந்துகொள்வார். கதவுக்கு வெளியே நான் இருப்பது தெரிந்தால், "தம்பிக்குக் கொஞ்சம் புதினா கிள்ளிக் குடுங்க" என்று உள்ளிருந்தே பாயிடம் சொல்வார். அந்த வீட்டுப் புதினாத் துவையல் எங்கள் வீட்டில் பல மாதம் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனமாக இருந்தது.

இனிமேல்தான் என் செண்டுச் செடி வருகிறது. கன்னிவாடியில் என் மச்சான் செண்டுப்பூ, அதாவது துலுக்கச் சாமந்தி, பயிர் போடுகிறவர். அவரிடம் விதை வாங்கி வந்து அந்த அறையில் ஒரு மூலையில் நான்கு தொட்டி வைத்தேன். பாய் பன்னிரண்டு மணி நேரம் விளக்கு போதும், செடிக்கும் தூக்கம் வேண்டும் என்றார். எனக்கு அவசரம். என் மூலைக்குத் தனியாக டைமர் போட்டுப் பதினெட்டு மணி நேரம் எரியவிட்டேன். செடி வளர்ந்தது, வளர்ந்தது, இடுப்பளவு வந்தது. இலை அடர்ந்தது. ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. பொழுது நீண்டால் அந்தச் செடி பூக்கத் தயங்கும் என்று மச்சான் பின்னால் சொன்னார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நான் யாரையும் கேட்கிற ஆள் இல்லை.

எங்கோ ஒரு பெருநகரத்தில் அடுக்குமாடி வீட்டுக்குள் ஊதா விளக்கு போட்டுக் கஞ்சா வளர்த்தார்கள் என்று ஒரு காணொளி அந்தச் சமயம் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. கமாலுதீன் பாய் வீட்டு வென்டிலேட்டரும் ஊதா. யார் தகவல் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு மாலை காவல்துறை வண்டி வந்து நின்றது. தெரு கூடிவிட்டது. அலுவலகத்திலிருந்து திரும்பி நேராக அங்கே வந்த நான் வாசலில் அகப்பட்டுக்கொண்டேன்.

வந்த அதிகாரி மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. புதினாவையும் தக்காளியையும் பார்த்து அவர் சிரித்தது வாசல்வரை கேட்டது. மூலையில் நின்ற என் செடியைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. கஞ்சா இலைபோல் பல்பல்லாக நீண்ட இலை, பூ இல்லை. பாய், "செண்டுப்பூங்க சார், கசக்கி மோந்து பாருங்க" என்றார். "எல்லாந்தான் வாடை அடிக்கும். பூ எங்க?" என்று கேட்டார் அதிகாரி. பிறகு வாசலுக்கு வந்து, "இது என்ன செடின்னு தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டா இங்கேயே முடிச்சுக்கலாம்" என்றார்.

எதிர்வீட்டு மளிகைக் கடை முருகேசன் என்னைக் கை காட்டினார். "இவரு டெய்லி வருவாரு சார். கவர்மெண்ட் ஆபீஸ்லதான் வேலை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போலீஸ், கஞ்சா, கையெழுத்து என்ற மூன்று சொற்களும் என் மண்டைக்குள் சேர்ந்து என் வேலை நீக்க உத்தரவாக அச்சடிக்கப்பட்டுவிட்டன. "பெல்ட் தைக்கக் குடுக்க வருவேன் சார். அந்த ரூமுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

சொல்லிவிட்டுப் பாயைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் ஒரு நொடி என் முகத்தைக் கவனித்தார், ஆலையில் தோலின் நிறத்தைக் கவனித்திருப்பாரே, அதுபோல. பிறகு அதிகாரியிடம் திரும்பி, "ஆமா சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் வச்சதுதான்" என்றார்.

என் தொட்டிகளில் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். ஐம்பத்து நான்கு வயதில், தெருவே பார்க்க, தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் அந்தப் படியில் ஏறினார். கதவுக்குப் பின்னால் ஜுலைகா அக்கா அழுவது எனக்குக் கேட்டது. ஸ்டேஷனில் தோட்டக்கலை தெரிந்த ஒருவர் இலையைப் பார்த்த மாத்திரத்தில் செண்டு என்று சொல்லிவிட்டாராம். இரண்டு மணி நேரத்தில் பாய் தொட்டியோடு ஆட்டோவில் திரும்பி வந்தார். ஆனால் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் விளக்குகளைக் கழற்றிச் சாக்கில் கட்டிவிட்டார். என் நான்கு தொட்டிகளையும் என் வீட்டு வாசலுக்கு அவரே கொண்டுவந்தார். "ஒங்க செடி அந்தோணி. மாடில வெயில்ல வைங்க, பூத்துரும்" என்றார். குரலில் கோபம் இல்லை. உள்ளே வந்து தண்ணீர் குடிக்கச் சொன்னேன், வேலை இருக்கிறது என்று போய்விட்டார். செடி பூத்தது. அப்படியொரு பூ நான் பார்த்ததில்லை. என் மனைவி மாதா படத்துக்கு மாலை கட்டிப் போட்டாள். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகும் தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பார், தேநீர் வாங்கித் தருவார். வீட்டுக்குள் மட்டும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு தடவை, "பாய், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "அத விடுங்க. கன்னிவாடிப் பக்கம் மழ பேஞ்சுச்சா?" என்றார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன். அவர் தடுத்ததால் சொல்லவில்லை என்று இவ்வளவு நாள் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெருவிடம் சொல்லியிருக்க வேண்டும். அதை அவர் தடுக்கவில்லை.

கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் போட எனக்கும் இடம் விட்டார்கள். பாய் வீட்டுக்குத் திரும்பி முன்னறையில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். முருகேசனும் இருந்தார். இத்தாவில் இருக்கும் ஜுலைகா அக்கா திரைக்குப் பின்னால் அந்த உள்ளறையில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியார் முன் வரமாட்டார். ஷபானா ஒரு சாக்கு மூட்டையோடு வந்து நின்றாள்.

"அம்மா கேக்கச் சொன்னாங்க. அந்த ரூம்லதான் இனி இருக்கப் போறாங்களாம், ரெண்டு தொட்டி வச்சுக்கணுமாம். இந்த லைட்ட மாட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு."

"எனக்குத் தெரியும்மா" என்றேன்.

முருகேசன் ஆச்சரியப்பட்டார். "ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க பெல்ட்டுக்குத்தான வருவீங்க?"

"நானும் பாயும் சேந்துதான் செஞ்சோம். அன்னிக்கு போலீஸ்ட்ட நான் சொன்னது பொய். அந்தச் செண்டும் என்னுதுதான்" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன், பக்கத்து நாற்காலிக்குக் கேட்டிருந்தால் அதிகம்.

ஷபானா திரைக்குள் போய்விட்டு வந்தாள். "அங்கிள், அம்மாவுக்குச் சரியாக் கேக்கலையாம். சத்தமா சொல்லச் சொன்னாங்க. வாசல்ல நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி."

எழுந்து நின்றேன். வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். விதை வாங்கியது, டைமர் போட்டது, தெரியாது என்றது, தொட்டியோடு அவர் வண்டி ஏறியது. நான் சொல்லி முடிக்கும்வரை திரை அசையவில்லை. பிறகு உள்ளிருந்து, "சரி. இப்ப மாட்டச் சொல்லும்மா" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

எழுத்திலும் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கமாலுதீன் பாய், உங்களுக்குக் கேட்கும்படி ஒருமுறைகூடச் சொல்லாதவன் நான். போய் வாருங்கள்.