பிளக்கைப் பிடுங்குகிறவள்

ஆபீசில் அவளுக்குப் பெயர் பிளக்கக்கா. எந்த டேட்டாபேஸைச் சோதிக்கக் கொடுத்தாலும், அது மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவாள். திரும்பப் போட்டு, எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பாள். கிண்டல் செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும், அவள் பாட்டுக்குப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

அப்பேர்ப்பட்டவளே ஒருமுறை கோட்டை விட்டாள். ஆம்புலன்ஸ் அழைப்புகளைப் பதிவு செய்ய ஒரு டேட்டாபேஸ் வேண்டும். எல்லாவற்றையும், மின்சாரம் போனால் அழிந்துவிடுகிற மெமரியிலேயே வைத்துக்கொள்கிற ஒன்றுக்கும், டிஸ்கில் எழுதிவைக்கிற ஒன்றுக்கும் போட்டி. மேனேஜர் அவசரப்படுத்தினார் என்று வேகத்தை மட்டும் அளந்து அறிக்கை கொடுத்துவிட்டாள். மெமரிக்காரன் பதினைந்து மடங்கு வேகம். மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளரிடம் சொல்லியும்விட்டார்.

மறுநாள் காலை மனசு கேட்காமல் பிளக்கைப் பிடுங்கினாள். "பதிவாகிவிட்டது" என்று அது பதில் சொல்லியிருந்த சோதனை அழைப்புகளில் முந்நூற்றுப் பன்னிரண்டைக் காணோம்! மெமரியில் இருப்பதைச் செகண்டுக்கு ஒருமுறைதான் டிஸ்கில் எழுதும்படி அதை அமைத்திருந்தார்கள். அதுவரை எல்லாவற்றுக்கும் சும்மா தலையாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும் உடனே எழுதச் சொன்னாளோ இல்லையோ, அந்த வேகமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அடிப்பாவி, இதைப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

ஒரு செகண்ட்தானே, மின்சாரம் தினமுமா போகிறது என்றார் மேனேஜர். இப்போது மாற்றிச் சொன்னால் உன் பெயர்தான் கெடும், வரப்போகிற பதவி உயர்வும் போய்விடும் என்று அக்கறையாகத்தான் சொன்னார். போனால் போகட்டும் என்றாள். அன்று மதியக் கூட்டத்தில் வாடிக்கையாளர் எதிரிலேயே, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிக் காட்டினாள்.

ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையத்தில் போன் எடுக்கிற அம்மா ஒருவரும் வந்திருந்தார். திரையில் காணாமல் போனவற்றின் எண்ணிக்கையைப் பார்த்ததும் பேசினார்.

"பதிவாயிடுச்சுன்னு வந்தா, வண்டி வருது, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு அடுத்த போனை எடுத்துடுவேன். அதுக்கப்புறம் நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேனே."

வாடிக்கையாளர் அங்கேயே வேறு ஏற்பாடு கேட்டார். வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்கிற விவரம் மெமரியில் இருக்கட்டும், தொலைந்தாலும் ஐந்து செகண்டில் வண்டிகளிலிருந்தே புதிதாக வந்துவிடும். அழைப்புகள் மட்டும், கொஞ்சம் மெதுவானாலும் பரவாயில்லை, டிஸ்கில் எழுதிய பிறகே பதிவானதாகச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. புது அறிக்கையின் முதல் வரியில் "என் முந்தைய அறிக்கை தவறு" என்று எழுதினாள். பதவி உயர்வு பக்கத்து மேஜைக்காரனுக்குப் போனது. வலிக்கத்தான் செய்தது.

ஏழு மாதம் கழித்து, ஒரு மதியம், அழைப்பு நிலையத்தில் மின்சாரம் போய், பேட்டரியும் கைவிட்டுவிட்டது. எல்லாம் திரும்ப ஓட ஆரம்பித்து, வண்டிகளையும் அனுப்பி முடித்த பிறகு, அந்த அம்மா அவளுக்கு போன் செய்தார்.

"இன்னைக்கு யாரும் பிடுங்காமலே போயிடுச்சும்மா. பத்தொன்பது பேர் கூப்பிட்டிருந்தாங்க. பத்தொன்பதும் இருக்கு."