முகத்துவாரத்தில் விடியற்காலை: ஆடாத வீடியோவும் ஆடும் போட்டும்

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். மார்ச் முதல் வாரம் நான் போனது ஒரே ஒரு வீடியோ எடுக்க. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த கலைச்செல்வி, கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறாள். ஏலத்தில் மீன் எடுத்துப் பொன்னேரியில் விற்கிறாள். அவள் கணவர் தேசப்பன் அண்ணன், ஃபைபர் போட்டை ஏரிக்குள் கட்டி வைத்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறவர். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டது. நீர் வற்றிய விடியற்காலைகளில் போட் தரை தட்டி நின்றுவிடுகிறது. ஆட்கள் குதித்துத் தள்ள வேண்டும். போன மாதம் அப்படித் தள்ளும்போது அலை போட்டைத் திருப்பி அடித்ததில் தேசப்பன் அண்ணனுக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது.

ஊர்ப் பொதுப்பணத்தில் பொக்லைன் வைத்து வாய்க்கால் வெட்டலாமா என்பது ஞாயிறு மாலை ஊர்க் கூட்டத்தில் முடிவாக வேண்டும். அன்று முடிவாகாவிட்டால் பணம் திருவிழாச் செலவுக்குப் போய்விடும், அடுத்த வருடம்தான். ஊரில் பாதிப் பேர் கடற்கரையிலிருந்தே போட் இறக்குகிறவர்கள். முகத்துவாரம் அவ்வளவு மோசமில்லை என்பது அவர்கள் கட்சி. நேரில் போய்ப் பார்க்கலாமே என்று கேட்டேன். அந்த நேரத்தில் எல்லோரும் அவரவர் போட்டில் இருப்பார்கள், பகலில் போய்ப் பார்த்தால் நீர் ஏறி எல்லாம் நன்றாகத்தான் தெரியும் என்றாள் கலை. கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. தேசப்பன் அண்ணன் போனில் எடுத்த வீடியோவில் இருட்டும் இரைச்சலும் மட்டும்தான் இருந்தன. "உன் கேமராவுல தெளிவா எடுத்துக் குடுடி. நான் பேச முடியாதத அது பேசட்டும்" என்றாள். எடுத்தே தருவது என்று கிளம்பினேன்.

வெள்ளி மதியம் 1.20க்கு சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில், பொன்னேரிக்குப் பத்து ரூபாய். அனுப்பம்பட்டு தாண்டியதும் எழுந்து நின்றுகொள்ளுங்கள், அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திருப்பாலைவனத்தில் பாதிக் கூட்டம் இறங்கியபின்தான் உட்கார இடம் கிடைத்தது. பழவேற்காட்டிலிருந்து பாலத்தைக் கடந்து குப்பத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். டிரைவர் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த கேமரா ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, "பூநாரையாம்மா? சீசன் முடியப் போவுது, சீக்கிரம் புடி" என்றார். நான் மறுக்கவில்லை.

அன்று மாலை இருட்டும் நேரத்தில் கரையில் ஒத்திகை பார்த்தேன். ஆக்‌ஷன் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். பகலில் வெண்ணெய் போல வழுக்கிப் போகும் வீடியோ, வெளிச்சம் குறைந்ததும் நடுங்க ஆரம்பிக்கும். காரணம் எளிது. வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்தையும் அதிக நேரம் திறந்து வைத்து எடுக்கிறது, அதற்குள் கை அசைந்து அந்தப் படமே கலங்கிவிடுகிறது. ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி, கலங்கிய படங்களைத்தான் வரிசையாக ஒட்டுகிறது. ஆட்டம் போய்விடும், கலக்கம் போகாது. எனவே ஆட்டோ மோடை விட்டுவிட்டு, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 நொடியில் பூட்டினேன். ஒளியுணர்வை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 3200 வரை அனுமதித்தேன். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் முகங்கள் கலங்கவில்லை. விளக்கு பிடிக்கலாமா என்று கேட்டதற்கு தேசப்பன் அண்ணன் ஒரேயடியாக மறுத்தார். கண்ணில் வெளிச்சம் பட்டால் அலை எங்கே உடைகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாதாம்.

சனிக்கிழமை காலை 5.10க்கு போட்டில் ஏறினேன். போட் கிளம்பும் நேரத்தில் இந்த ஊர்ப் பெண்கள் எதிரே வருவதில்லை, போட்டில் ஏறுவதும் இல்லை. பேன்ட் போட்ட வெளியூர்ப் பெண்ணை மட்டும் டூரிஸ்ட் கணக்கில் சேர்த்து விட்டுவிட்டார்கள். தேசப்பன் அண்ணன், அவர் தம்பி எத்திராஜ், இன்னும் இரண்டு பேர், பின்னால் நான். முகத்துவாரத்தில் தரை தட்டியபோது பலகையில் என் முழங்கால் மோதித் தோல் பிய்ந்தது. நான்கு பேரும் குதித்தார்கள். பக்கவாட்டில் வந்த அலை போட்டைச் சாய்த்ததில் நான் கிட்டத்தட்ட விழுந்தேன். ஸ்டிக்கை மட்டும் விடவில்லை. எட்டு நிமிடம் தள்ளினார்கள். கடலில் நான்கு மணி நேரம் வாந்தி எடுத்துவிட்டுப் பத்து மணிக்குக் கரை திரும்பினேன், ஆனால் நல்ல வீடியோ கையில் இருக்கிறது என்ற நிறைவு இருந்தது.

கலை வீட்டு டிவியில் போட்டோம். நான் இதுவரை எடுத்த அரையிருட்டு வீடியோக்களில் அதுதான் சிறந்தது. கடல் அலுங்காமல் எங்களை நோக்கி வந்தது. முகங்கள் தெரிந்தன. பாராட்டுக்காகத் திரும்பிப் பார்த்தேன்.

எத்திராஜ்தான் ஆரம்பித்தார். "அண்ணி, இது நம்ம போட்டா? ஏசி பஸ்ஸு தார் ரோட்ல போற மாதிரி கீது."

"தள்ற எடத்தப் பாரு" என்றார் தேசப்பன் அண்ணன். "நாலு பேரும் ஜாலியா குளிக்கப் போன மாதிரி கீறோம். இத்தக் காட்னா, உனுக்கு இன்னாத்துக்குடா பொக்லைன்னு கேப்பானுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். கலை சிரிக்கவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். என் முழங்காலைப் பெயர்த்த மோதல், திரையில் கேமரா லேசாக மூச்சு விட்டதுபோல இருந்தது. என்னைச் சாய்த்த அலை ஒரு தாலாட்டு. எல்லா ஆட்டத்தையும் நீக்கிவிட வேண்டும் என்று அத்தனை கவனமாக அமைத்திருந்தேன். கேமரா அதைச் செய்துவிட்டது. இந்த ஊருக்குக் காட்ட வேண்டியதே அந்த ஆட்டம்தான்.

சமன்செய்யும் வசதியை அணைத்துவிட்டு மறுபடி போட்டில் ஏறலாம். அப்போது கிடைப்பது அண்ணன் போனில் எடுத்த அதே இருட்டுக் குழப்பம். மதியம் முழுக்க இதையே யோசித்தேன். போட்டுக்குள் இருக்கும்வரை கேமராவும் போட்டோடு சேர்ந்து ஆடும். அதைத் திருத்தினால் போட்டின் ஆட்டமும் மறைந்துபோகும். அப்படியானால் போட்டுக்கு வெளியே, ஆடாத இடத்தில் நிற்க வேண்டும். வலை கட்ட வைத்திருந்த மூங்கில் கழி ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

முகத்துவாரத்தின் தென்கரை, குப்பத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் மணல் நடை. ஞாயிறு காலை 4.45க்குக் கலையும் நானும் கிளம்பினோம். ஆழமில்லாத ஓரத்தில் கழியை ஆழமாக இறக்கி, சைக்கிள் டியூப் துண்டுகளால் கேமராவை இறுக்கிக் கட்டினேன். கழி அசையாது என்பதால் சமன்செய்யும் வசதியை அணைத்தேன். நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50, ஐ.எஸ்.ஓ. 1600. கிழக்கு பார்த்து வைத்ததால், வெளுக்கத் தொடங்கிய வானத்துக்கு எதிரே போட்டும் ஆட்களும் கறுப்பாக, துல்லியமாகத் தெரிந்தார்கள். விளக்கே தேவைப்படவில்லை.

5.40க்கு முதல் போட்டின் சத்தம் கேட்டது. கலை திடீரென்று புடவையைச் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"வெறும் போட்டக் காட்னா ஆழம் எப்டித் தெரியும்? ஆளு நின்னாத்தான் தெரியும்."

கடலுக்குப் போகிற போட்டுக்கு எதிரே ஊர் மருமகள் நிற்கிறாள். அதன் கனம் எனக்கே புரிந்தது. வந்தது தேசப்பன் அண்ணனின் போட்தான். அவளுக்கு நாலடி முன்னால் தரை தட்டி நின்றது. எத்திராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் தண்ணீரில் குதித்து, மனைவியைப் பார்த்து, "ஓரமா நில்லு. கவுறு மேல அடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நல்ல தோளைப் போட்டில் வைத்தார். அலை வந்து முன்பக்கத்தைத் தூக்கி இறக்கியது. ஒருவர் விழுந்து எழுந்தார். பன்னிரண்டு நிமிடம். கலை கரையேறியபின் வந்த மூன்று போட்டுகளுக்கும் அதே கதி. கேமரா ஓர் இழைகூட அசையவில்லை.

அங்கே போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சூரியன் எழுவதற்கு முந்தைய நாற்பது நிமிடம்தான் உங்கள் நேரம், அதற்கு முன் எந்தக் கேமராவானாலும் புள்ளிமழைதான். உப்புக்காற்றில் லென்ஸ் பத்து நிமிடத்தில் மங்கிவிடும், உலர்ந்த துணி இரண்டு எடுத்துப் போங்கள். தண்ணீர் புகாத கேமராவானால், திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். நடந்துகொண்டோ போட்டிலிருந்தோ எடுப்பதானால் ஷட்டர் 1/100க்குக் கீழே இறங்க விடாதீர்கள். தனியாக முகத்துவாரத்துத் தண்ணீரில் இறங்காதீர்கள், மணல் காலடியிலிருந்து ஓடும். யாரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். முக்கியமாக, எது அசையக் கூடாது, எது அசைய வேண்டும் என்பதைக் கேமராவை முடுக்குவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு காலைப்பொழுதும் ஒரு முழங்காலும் செலவான பாடம் அது.

மாலைக் கூட்டம் கோயில் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில். ஆண்கள் உள்ளே, நாங்கள் ஜன்னலுக்கு வெளியே மற்றப் பெண்களோடு. தேசப்பன் அண்ணன் வீடியோவைப் போட்டார். முதல் போட் முடிவதற்குள் ஒரு குரல், பொம்பளை இன்னாத்துக்கு அங்க நின்னுது என்று கேட்டது. கடற்கரைக் கட்சிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். போட் தட்டியதே அதனால்தான் என்றுகூட ஒருவர் சொன்னார். அப்போ மத்த மூணு போட்டும்? என்றார் எத்திராஜ். கொஞ்ச நேரம் கூச்சலாக இருந்தது. ஊர்த் தலைவர் கையமர்த்திவிட்டு வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னார். போட் தூக்கி இறங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு திரும்பாமலேயே, "அந்த எடத்துல தண்ணி எம்மாம்?" என்று கேட்டார்.

அங்கே நின்றவளைக் கேளுங்கள் என்பதுபோல தேசப்பன் அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

கலை வாசலுக்குப் போனாள். உள்ளே கால் வைக்கவில்லை. "முட்டிக்கு மேல நாலு வெரலு" என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது. "நம்பிக்கை இல்லன்னா, தலைவரே, நாளைக்குக் காலைல நீங்களே வந்து நில்லுங்க."

பணத்தைத் திருவிழாவுக்குத் தராமல் நிறுத்தி, முடிவை ஒருநாள் தள்ளிவைத்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

திங்கள் காலை 5.30க்கு தலைவர் வந்தார், கடற்கரைக் கட்சியிலிருந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கலை காட்டிய இடத்தில் போய் நின்றார். அவர் உயரத்துக்குத் தண்ணீர் முட்டியைக்கூடத் தாண்டவில்லை. நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. முதலில் வந்த போட் அவருக்கு முன்னால் தட்டி நின்றது. ஆட்கள் குதித்தார்கள். தலைவர் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவரும் தோள் கொடுத்தார். மூன்றாவது போட்டையும் தள்ளி அனுப்பிவிட்டு, மூச்சு வாங்கக் கரையேறி, கலையிடம் போனைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று பொக்லைன்காரரைக் கூப்பிட்டார்.